அவளுடைய பாதி

பாலம் நிறுத்தத்துக்கு மணி அடித்துவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையால் அந்தப் பெயர் வந்த லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். அவர் மனைவி எழவில்லை. கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே ஓடும் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் அப்படி. அவர் பாலத்தில் இறங்க வேண்டும். அவள் அதே பஸ்ஸில் அடுத்த நிறுத்தமான மதகு வரை தனியாகப் போய் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆற்றங்கரையோடு ஒரு பாதை போகிறது. ஆளுக்கொரு பக்கமாக நடந்துவந்து நடுவழியில் இருக்கும் பம்ப் அறையில் சந்திப்பதாகப் பேச்சு. தன் பாதியை யார் கையையும் பிடிக்காமல் அவள் நடந்து முடித்துவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து மருந்துக்கடை வேலைக்குத் தனியாக பஸ் ஏறிப் போகலாம். முடியாவிட்டால் அவர் சொல்கிறபடி இன்னும் சில மாதம் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

இறங்கும்போது அவர் குனிந்து டிரைவரிடம் குரலைத் தாழ்த்தினார். "சார், அந்த ஜன்னல் சீட்ல இருக்காங்கல்ல, அவங்க மதகுல இறங்கணும். கொஞ்சம் பாத்து நிறுத்துங்க."

பின்னாலிருந்து குரல் வந்தது. "டிரைவர் சார், எனக்கு வாய் இருக்கு, நானே சொல்லிக்கிறேன். நீங்க அவரை பாத்து இறக்கி விடுங்க. பராக்கு பாத்துக்கிட்டே இறங்குவாரு."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்துக்கொண்டே, அவருக்காகவும் முன்படியை ஒரு சாண் தாழ்த்தினார். அந்தப் படி இறங்கும்போது வரும் பெருமூச்சு போன்ற சத்தம் லிஃப்ட்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுப் பைகளிலிருந்து கொஞ்சம் காற்றை வெளியே விடுகிறார்கள், அவ்வளவுதான். வண்டியே ஒரு பக்கமாக மண்டி போடுகிறது. இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் வீட்டிலும் காலை இழுத்து நடக்கிற ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று அவர் நினைப்பார். அவன் நன்றாக இருக்கட்டும்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலையில் அவள் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. இடது கையும் இடது காலும் அவள் பேச்சைக் கேட்க மறுத்தன. அன்றைக்கு ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட ஒவ்வொரு வண்டிக்காரனையும் தேடிப்போய்க் கும்பிட வேண்டும் என்று இன்றைக்கும் அவருக்குத் தோன்றும். ஆஸ்பத்திரியில் மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுத்த பெண், அவளை வீட்டுக்கு அனுப்பும் முன் சொன்னாள்: "நடங்க. தினமும் நடங்க. ஆனா ஒரே இடத்துல நடக்காதீங்க, சலிச்சிடும்." அப்படித்தான் ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே பஸ்ஸில் போய் இறங்கி நடக்கிற பழக்கம் வந்தது. இதற்கு லிஃப்ட்காரர் ஒரு கொள்கையே வைத்திருந்தார். காரில் வருகிறவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் காரை விட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். நடை முழுக்க அவன் மனசு காரில் கட்டிப்போட்டிருக்கும். பஸ்ஸில் வருகிறவன் ஒரு நிறுத்தத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறலாம். பார்த்த மரத்தையே திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. வழியில் கிடைக்கிற எல்லோரிடமும் அவர் இதை விளக்குவார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் அவளுடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அதுதான் இன்று காலை சண்டையானது. "விழுந்துட்டா?" என்று அவர் கேட்டார். சட்டைப் பொத்தானை ஒரே கையால் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷமா கட்டடம் கட்டடமா போய், கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாதுன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கீங்க. வேகம் மீறினா ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிச்சுக்கும்னு படம் வேற போட்டுக் காட்டுவீங்க. பொண்டாட்டி மட்டும் விழுந்துடுவா, அப்படித்தானே?"

அந்தச் சண்டையில்தான் இந்த ஒப்பந்தம் பிறந்தது.

இப்போது கரைப்பாதையில் நடக்கும்போது, அவள் கேட்டதற்குச் சமாதானமாக ஒன்று தோன்றியது. லிஃப்டில் கூண்டு மேலே போகும்போது, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பாரம் கீழே வருகிறது. சரியாக நடுவில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். ஒன்று அவசரப்பட்டால் மற்றதும் அவசரப்பட்டே ஆக வேண்டும். நாமும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அவர்களைக் கட்டியிருக்கும் கயிற்றில் அவர் வேகம் அவளுக்குப் போய்ச் சேருவதில்லை என்பது, பம்ப் அறைக்கு அவர் மட்டும் மூச்சிரைக்க வந்து நின்றபோதுதான் தெரிந்தது. அங்கே ஒரு சிமெண்ட் திட்டும், அதில் வெயில் காய்ந்த ஒரு நாயும் இருந்தன. உட்கார்ந்தார். எழுந்தார். கரை வளையும் இடம் வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று புறப்பட்டார். அது அவளுடைய பாதி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கால்தான் கேட்கவில்லை.

வளைவைத் தாண்டினால் வேலி. வேலியில் மனிதர்கள் மட்டும் நுழையும் கதவு ஒன்று. வளைந்த கம்பிக் கூண்டுக்குள் ஆடுகிற கதவு அது. தள்ளி உள்ளே போய், ஓரமாக ஒதுங்கி, கதவை மறுபக்கம் விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். மாட்டுக்கு அப்படி ஒதுங்கத் தெரியாது. வேறொரு நாளாக இருந்தால் அவர் அதன் கீலைத் தொட்டுப் பார்த்து அரைமணி நேரம் சிலாகித்திருப்பார். இன்றைக்கு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் புதருக்குப் பின்னால் நின்றுவிட்டார். அவள் பார்க்கவில்லை. தடியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வலது கையால் கதவைத் தள்ளினாள். இடது கால் வந்து சேரும் முன் கதவு தன் பாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். தடி நழுவிப் புல்லில் விழுந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. லிஃப்ட்காரரின் ஒரு கால் புதருக்கு வெளியே வந்துவிட்டது. ஓடினால் ஒரு மூச்சுக்குள் போய்விடலாம். தடியை எடுத்துக் கொடுத்து, கதவைப் பிடித்து, முழங்கையைத் தாங்கி, எல்லாம் முடிந்துவிடும். திங்கட்கிழமையும் முடிந்துவிடும். அவர் புதரின் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

அவள் வேலிக் கம்பியில் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து தடியை எடுத்தாள். நிமிர்ந்து நின்று கதவை ஒரு முறை முறைத்தாள். அவரை அப்படி எத்தனையோ முறை முறைத்திருக்கிறாள். பிறகு திரும்பி நின்று, முதுகால் கதவைத் தள்ளினாள். மருந்துக்கடையில் இரண்டு கையிலும் பெட்டியோடு கிடங்குக்குள் போகும்போது அப்படித்தான் போவாள். திரும்பி வரப் பார்த்த கதவு அவள் இடுப்பில் முட்டி நின்றது. இடது காலை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டாள், ஒதுங்கினாள், கதவை விட்டாள், வெளியே வந்தாள். நடந்தாள்.

இத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்ததில், அவள் நடப்பதை அவர் முழுசாகப் பார்த்ததே இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் தடுமாற்றம் மட்டும்தான் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது இடது கால் வெளிப்பக்கமாக ஒரு சின்ன அரைவட்டம் போட்டு வந்து ஊன்றியது. தடி அதற்கு முன்பே போய்க் காத்திருந்தது. அதில் ஒரு கணக்கு இருந்தது. அவருக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், பிடித்திருந்த கிளைக்குச் சொன்னார்.

பிறகு திரும்பி ஓடினார். வயதும் தொப்பையும் உள்ள ஒரு மனிதர் குனிந்தபடி கரையோரம் ஓடுவதைப் பார்த்து நாய் எழுந்து குரைத்தது.

அவள் வந்து சேர்ந்தபோது அவர் சிமெண்ட் திட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நேரமாச்சா வந்து?"

"அப்பவே வந்துட்டேன். இங்கேயேதான் இருக்கேன்."

"உக்காந்து உக்காந்தா இப்படி வேர்த்துச்சு?" அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சட்டைக் கையில் ஒட்டியிருந்த இலையை வலது கையால் எடுத்துப் போட்டாள். "சரி, வாங்க. பாலத்துக்கே போயிடலாம்."

"மொத்தப் பாதையுமா?"

"பாத்த மரத்தையே எதுக்குத் திரும்பப் பாக்கணும்? உங்க கொள்கைதானே?"

அவர் அவளுக்கு இரண்டு எட்டு பின்னால் நடந்தார். வழியெல்லாம் அவள் அந்தக் கதவைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். எப்படிச் செய்திருக்கிறான், மாடு ஏன் வர முடியாது என்று விவரமாக. அவர் முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர்போல உம் கொட்டினார்.

பாலம் நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. அங்கே கை காட்டினால்தான் பஸ் நிற்கும். தூரத்தில், வயல்களுக்கு மேலே, பஸ்ஸின் கூரை தெரிந்தது. அவர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவளுடைய வலது கை தடியில் இருந்தது. இடது கை மெல்லக் கிளம்பியது; இடுப்பு வரை, பிறகு விலா வரை, அங்கே நடுங்கி நின்று, விரல்கள் விரியாமலே, தோளுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. திருப்பத்தில் வந்த பஸ்ஸின் ஓரத்தில், நிறுத்தப்போவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது.