மூன்று மணி டின்

மூன்று மணி ஆனதும் தையல் கூடத்துக்கு டின்கள் வந்துவிடும். சில்லென்ற சிவப்பு நிற டின்கள், ஆளுக்கொன்று, கேட்டால் இன்னொன்று, இலவசம். சத்து பானமாம். அறுபது பெண்களும் ஒரு கையால் துணியை நகர்த்தியபடியே மறு கையால் குடித்து முடிப்பார்கள்.

அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் மேற்பார்வைக்காரி. முன்பு கூடத்தின் நடுவே பெரிய தண்ணீர் டிரம் இருந்தது. ஆளாளுக்கு எழுந்துபோய்க் குடிப்பதும், பிறகு கழிவறைக்கு நடப்பதுமாக நேரம் வீணாகிறதென்று அதை வெளிவாசலுக்குத் தள்ளிவிட்டாள். "எல்லாச் சத்தும் இதுலயே இருக்குன்னு டின்னுலயே போட்டிருக்கான். வெறும் தண்ணியக் குடிச்சு என்னத்தக் கண்டீங்க?" என்பாள். சட்டைகள் கூடுதலாகக் குவிந்தன. முதலாளி அவளை நாலு பேர் முன்னால் மெச்சினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வரிசையில் காலர் தைப்பவள் அவளுடைய சொந்தத் தங்கை. அக்காவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று இடத்தைவிட்டு எழவே மாட்டாள். இஸ்திரிப் பெட்டிகளின் ஆவியில் வேர்த்துக் கொட்டும். நாக்கு வறண்டால் இன்னொரு டின். அடிவயிற்றில் வலி, நீர்க்கடுப்பு என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். "எல்லாம் சூடுதான், சரியாப் போயிடும்" என்று அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மதியம் தங்கை தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே சரிந்தாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா அறிக்கையைப் புரட்டினார். "ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சு. வேர்வையில போன தண்ணி உள்ள திரும்பி வரவே இல்ல. அடக்கி அடக்கி வெச்சதுல தொற்று வேற மேல ஏறியிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவும்மா தண்ணி குடிப்பே?"

"காலைல ஒரு டம்ளர். வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர்."

"நடுவுல?"

தங்கை அக்காவைப் பார்க்காமலே சொன்னாள். "நடுவுல குடிச்சா எந்திரிக்கணும் டாக்டர். எந்திரிச்சா அக்கா முறைப்பா."

மேற்பார்வைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அவளே டிரம்மை உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, தண்ணீர் நிரப்பி வைத்தாள். மூன்று மணிக்கு வந்த டின்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "யாருக்குத் தாகம் எடுத்தாலும் எந்திரிச்சுப் போய்க் குடிங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

யாரும் எழவில்லை. பித்தான் தைக்கும் மூத்தவள் மட்டும் ஊசியை நிறுத்தினாள்.

"உன் தங்கச்சி விழுந்தா, நீ டிரம்ம உருட்டிட்டு வந்தே. நான் விழுந்திருந்தா வந்திருப்பியா?"

மேற்பார்வைக்காரிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வந்திருக்க மாட்டேன்க்கா. அதுதான் நான் செஞ்ச பாவம். தாகத்துக்குத் தண்ணிதான் குடிக்கணும், கலர் தண்ணி ஆகாதுங்கறது சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சும் நேரத்த மிச்சம் புடிச்சேன். ஒருத்தி தண்ணி குடிக்கிற நேரத்தத் திருடுறவ, அவ ஆயுசத்தான் திருடுறா."