வளைந்த அம்பு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து திருடினேன். முத்தாயம்மாள் டீச்சர் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தார். என் காது அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு டிக்கெட் எடுக்கவில்லை.

2

'காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் அந்தப் பள்ளியை...'

வேண்டாம். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. [அந்த வெளிச்சத்தில் விடிந்துவிட்டதென்று நினைத்து, பக்கத்துப் பண்ணைக் கோழிகள் ஆளுக்கொரு முட்டை கூடுதலாக இட்டன. சத்தியம். ஒன்றை நானே தின்றேன்.]

டீச்சருக்கு அதை இயக்கத் தெரியாது. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவி நர்மதாவுக்கும் தெரியாது. பள்ளி விட்ட பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பழகினார்கள். நர்மதா முக்கோணம் வரைந்தாள். கோணலைச் சுட்டிக்காட்டப் போன டீச்சரின் உள்ளங்கை பட்டு, பாதி அழிந்தது.

"அய்யோ சாமி, உன்ற முக்கோணத்தைத் தின்னுபோட்டனே!"

"இருங்க டீச்சர், இந்த வளைஞ்ச அம்பைத் தொடுங்க."

முக்கோணம் திரும்பி வந்தது.

"அடி ஆத்தீ! இந்த அம்பு என்ற கல்யாணப் பத்திரிகையில இருந்திருக்கோணும்."

"உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லு. அவரு எனக்கு முந்தி அமுத்துவாரு."

3

நர்மதாவை வாசகர்கள் நம்ப மாட்டார்கள். ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். ஒரு குறை வைக்கலாமென்று பார்த்தால், டீச்சரே கொடுத்துவிட்டார்: எதற்கும் நேருக்கு நேர் பதில் சொல்ல மாட்டாள்.

பயிற்சி முடிவதற்கு முதல் நாள் டீச்சர் கேட்டார். "பரீட்சை முடிஞ்சதும் இங்கயே வந்துருவியா கண்ணு? ஹெச்செம்கிட்டப் பேசறேன்."

"கெங்கவல்லியில, எங்க வீட்ல வேற என்னமோ பேசறாங்க டீச்சர். நாளைக்குப் போறப்ப போர்டுல எழுதி வச்சிட்டுப் போறேன். வாயால சொன்னா அழுதுடுவேன்."

4

பலகையில் பழைய எழுத்து இருக்க, பாடம் தொடங்குகிறவரல்ல டீச்சர். உள்ளே நுழைந்ததும் துடைப்பார். பணிக்காலம் முழுக்க அதே பழக்கம். மறுநாள் மதியம் கண்ணாடி தலைமேல் இருக்க, கை நேராகப் பலகைக்குப் போனது. துடைத்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது: அது நர்மதா எழுதி வைத்த பதில்.

நர்மதா பஸ் ஏறியிருந்தாள்.

அம்பு இருந்தது. பலகை அணைந்தால் அதுவும் போய்விடும். கரண்டோ வருவதும் போவதுமாக இருந்தது.

"வெரலைக் கிட்டக் கொண்டு போனேனுங்க," என்றார் டீச்சர், பேருந்தில் பக்கத்துப் பெண்ணிடம். "தொடற வரைக்கும் அவ வாரான்னே வெச்சுக்கலாமில்லைங்களா?"

அதற்குள் ஆட்டையாம்பட்டி வந்துவிட்டது. இறங்கிவிட்டார்.

5

முடிவு ஒன்று: தொட்டார். 'வருகிறேன்' என்றிருந்தது. [இனிப்பு அதிகம். எனக்குச் சர்க்கரை.]

முடிவு இரண்டு: தொட்டார். 'மன்னித்துவிடுங்கள் டீச்...' [எழுத வரவில்லை.]

முடிவு மூன்று: கரண்ட் போனது. [இது என் சோம்பேறித்தனம்.]

ஜன்னல் வழியே பார்த்தேன். டீச்சர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். வலக்கையின் சுட்டுவிரலை மட்டும் எதிலும் படாமல் தனியே நீட்டிப் பிடித்திருந்தார். [சத்தியம். முட்டைக்குச் செய்ததைவிடப் பெரிய சத்தியம்.]

நீங்கள் அந்தப் பக்கம் போனால் டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். தெரிந்துகொண்டால், எனக்குச் சொல்ல வேண்டாம்.