ஓசி ப்ராசசர்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் தம்பி என் கம்ப்யூட்டரைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பி வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. நாலு வருஷத் தூசி கம்பளி மாதிரி சுருண்டு கிடந்தது. பழைய ப்ராசசர்மேல் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை, கைக்கு அகப்பட்டது இதுதான் என்று, என் மகள் பாப்பா முகம் துடைக்கும் துண்டில் துடைத்திருந்தான். கேட்டதற்கு, துவைத்தால் போய்விடும் என்றான். யார் துவைப்பது என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் துவைக்கிறவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

ஒரு வாரமாகவே அவன் என்னை விடவில்லை. உன் மெஷின் ஆமை மாதிரி ஓடுது, ப்ராசசரை மட்டும் மாற்றினால் பறக்கும், கூட்டாளி ஒருத்தன் புதுசாக வாங்கிச் சும்மா வைத்திருக்கிறான், ஓசியிலேயே தருகிறான் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஓசி என்றதும் எனக்கும் பல்லிளிக்கத் தோன்றியது, பொய் சொல்வானேன். மருந்து பாட்டில்களுக்கு லேபிள் வடிவமைப்பது என் பிழைப்பு. ஒரு லேபிளைத் திறந்துவிட்டு, அது வருவதற்குள் சோறு வடித்துவிட்டு வந்துவிடலாம். அந்த மெஷின் அப்படி ஆகியிருந்தது.

ஆனால் அதற்குள் இருந்தது லேபிள் மட்டும் இல்லை. பதினோரு ஒலிப்பதிவுகள் இருந்தன. பாப்பாவின் அப்பன் அவளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், பத்திரிகை வாசிக்கிற மாதிரி அவளிடம் பேசுவான். உன்னைத் திறந்துவிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன் என்பான். அவள் கதவைத் தட்டுவாள். அதையெல்லாம் நான் போனில் பதிவு செய்து, அவன் கண்ணில் படும் முன்னால் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் அழித்துவிடுவேன். பிறகு அந்த போனையும் அவன் தரையில் அடித்து உடைத்தான். வெளியிலிருந்து பூட்டும் தாழ்ப்பாள் எந்த அறையிலும் இல்லாத இந்த வீட்டுக்கு அவளோடும் கம்ப்யூட்டரோடும் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

திங்கட்கிழமை கோர்ட். வாராவாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாப்பாவைத் தன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். ஒலிப்பதிவுகளைக் கேட்டு, தேதி எழுதி, பென் டிரைவில் போட்டுக் கொண்டு வா என்று வக்கீலம்மா சொல்லி ஒரு மாதமாகிவிட்டது. தினமும் உட்காருவேன், முதல் பதிவில் அவன் தொண்டையைச் செருமுகிற சத்தம் வரும், எழுந்து போய்விடுவேன். தள்ளிப்போட்டது என் தப்புத்தான். அதை இன்றைக்கு உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றுதான் பாப்பாவைத் தோழி வீட்டுக்கு விளையாட அனுப்பியிருந்தேன்.

தம்பி புது ப்ராசசரைப் பொருத்தி, மூடி, சுவிட்சைப் போட்டான். உள்ளே விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. மறுபடி திறந்தான். ரேமைக் கழற்றி, பாப்பாவின் அழிரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்து, ஊதினான். எச்சில் தெறித்தது. அதையும் சட்டையில் துடைத்தான். நாலாவது தடவை திரையில் வெளிச்சம் வந்தது என்று அவன் சொன்னபோது நான் அடுப்படியில் இருந்தேன். ஓடி வருவதற்குள் நீலத் திரை நின்றிருந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, நாற்பத்தெட்டு எண் கொண்ட சாவியைக் கொடு என்று கேட்டது. என்ன சாவி என்றேன். ஏதோ அப்டேட்டாக இருக்கும் என்றான்.

வழக்கமாக என் பிரிண்டரைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் பொறுமையான மனிதர். ப்ராசசரை மாற்றினால் டிஸ்க்கின் பூட்டு பழைய ப்ராசசரைத் தேடும், அது இல்லாததால்தான் சாவி கேட்கிறது என்றார். பழையதையே திரும்பப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னால கறுப்புத் திரையில ஒரு கேள்வி வந்திருக்கும்மா. பழைய பூட்டு விவரத்த அழிக்கணும்னா இங்கிலீஷ் ‘ஒய்’ எழுத்த அமுக்கு, வச்சிக்கணும்னா ‘என்’ எழுத்த அமுக்குன்னு. ‘என்’ அமுக்கியிருந்தா பழச மாட்டினா போதும், திறந்துடும். ‘ஒய்’ அமுக்கிட்டா அந்தச் சாவி இல்லாம யாராலயும் முடியாது. யார் அமுக்கினது?"

தம்பியைப் பார்த்தேன். அப்படி எந்தக் கேள்வியும் வரவில்லை என்று தலையாட்டினான். தானாக வந்து தானாகப் போகிற கேள்வி இல்லை அது, யாராவது அமுக்கினால்தான் போகும் என்று மெக்கானிக் அடித்துச் சொன்னார். சரி, வழக்கம்போல் படிக்காமலே அமுக்கித் தொலைத்திருக்கிறான், மடையன், ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் என் புத்தி அவனுக்கு நல்லவிதமாகத்தான் வக்காலத்து வாங்கியது.

அந்தச் சாவி, கம்ப்யூட்டரை முதன்முதலில் யார் மின்னஞ்சலை வைத்துத் தொடங்கினார்களோ அந்தக் கணக்கில் இருக்கும் என்றார் மெக்கானிக். நீலத் திரையின் அடியில் அந்த மின்னஞ்சலின் முதல் இரண்டு எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்தன, நடுவில் நட்சத்திரங்கள். நட்சத்திரம் போட்டு மறைத்தாலும் அது யார் என்று எனக்குத் தெரியாதா? வாங்கிய அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் பாப்பாவின் அப்பன்தான் செய்தான். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் அன்றைக்கு அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

ஆக, அவனுக்கு எதிரான சாட்சி பூட்டுக்குள், சாவி அவன் கையில். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

"மாமாகிட்ட ஒரு போன் பண்ணிக் கேளேன்க்கா. குடுத்துடுவாரு" என்றான் தம்பி.

ஒன்றரை வருஷமாக நான் அந்த எண்ணுக்கு அழைத்ததில்லை. நீங்க என்று கூப்பிடுவதா, நீ என்றா என்று யோசித்து, இரண்டும் இல்லாமல் பேசுவதென்று முடிவு செய்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். கம்ப்யூட்டர் ஒரு சாவி கேட்கிறது, அந்தப் பழைய மின்னஞ்சலில் இருக்குமாம், அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"ஆமாம்மா, ப்ராசசர் மாத்தினா கேக்கத்தான் செய்யும்" என்றான். அதே குரல், அதே நிதானம். "எப்படி, நல்லா ஓடுதா? உன் வேலைக்குத் தோதா இருக்கணும்னு பாத்துப் பாத்து வாங்கினேன். சாவியப் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். கீழதான் நிக்கிறேன். மேல வந்து நானே போட்டுத் தரட்டுமா? பத்து நிமிஷம் பேசலாம்."

ப்ராசசர் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. போனை வைத்தேன். கை பிசுபிசுத்தது. என் வீட்டில், என் சாப்பாட்டு மேஜைமேல், என் பிழைப்பின் நடுவில் அவன் வாங்கிக் கொடுத்த பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பல்லிளித்துக்கொண்டு நான்தான் இடம் கொடுத்திருந்தேன். சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு மறுபடியும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது தம்பி ஜன்னலோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அமுக்கினது நீதானே என்று கேட்டேன். இப்போது மழுப்பவில்லை.

"நல்லதுக்குத்தான்க்கா. நீ அவர் போனே எடுக்க மாட்டேங்கிற. ஒரு சாக்கு கெடச்சா நேர்ல பேசுவீங்க, கோர்ட்டு வரைக்கும் போக வேணாம்னு பாத்தேன். அவரும் சாவி தர்றேன்னுதானே சொல்றாரு."

படித்துப் பார்த்துத்தான் அமுக்கியிருக்கிறான். திரையில் இருந்த எச்சரிக்கையை ஒவ்வொரு வரியாகப் படித்து, அக்கா பதறிப்போய் அவனுக்கு போன் பண்ணுவாள் என்று கணக்குப் போட்டு, ‘ஒய்’ அமுக்கியிருக்கிறான். மடையன் என்று நினைத்தேனே, அந்த மரியாதைகூட இவனுக்கு அதிகம். அந்த ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன். குடும்பத்தில் நாலும் இருக்கும், பாப்பாவுக்கு அப்பா வேண்டாமா என்று முணுமுணுத்தான்.

இவன் வேலை தேடிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் எங்கள் பழைய வீட்டில்தான் இருந்தான். குளியலறைக்கு ஒட்டினாற்போல் இருந்த அறை இவனுடையது. வேலையை வாங்கிக் கொடுத்ததும் பாப்பாவின் அப்பன்தான். கோர்ட்டில் வந்து, கேட்டதைச் சொல்லேன்டா என்று நான் இவனிடம் கெஞ்சாத நாள் இல்லை. என்னை இதில் இழுக்காதே என்று இவன் கையை விரித்ததால்தான் அந்தப் பதினோரு பதிவுகளும் எனக்கு உயிராகிப் போயின.

"ஒரே ஒரு தடவ சொல்லு. ராத்திரியெல்லாம் அவ கதவத் தட்டினாளே, உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

தம்பி தரையைப் பார்த்தான். "எனக்கு ஃபேன் சத்தம்தான்க்கா கேட்டுச்சு."

பாப்பாவின் அப்பன்மேல் எனக்கு இருப்பது கோபமும் பயமும். அது எனக்குப் பழகிவிட்டது. இவனைப் பார்த்தபோது வந்தது வேறு. இவன் விரல் பட்ட ரேம், இவன் மூடிய பெட்டி, இவன் குடித்து வைத்த டீ டம்ளர், எதைத் தொடவும் கூசியது. கூடப் பிறந்தவன் என்று சொல்ல வாய் கூசியது.

வக்கீலம்மாவுக்கு போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தம்பி பக்கத்திலேயே நின்று கேட்டான். அந்த மெஷினை இனிமேல் யாரும் தொடக்கூடாது, பாப்பாவின் அப்பாவை வீட்டுக்குள் விடக்கூடாது, அவர் தயவும் நமக்கு வேண்டாம் என்றார். பெட்டியை அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டு வரச் சொன்னார். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை அவரே போனில் சொல்லிவிட்டார், அதை ஜட்ஜ் முன்னால் கேட்போம், தருகிறாரா மறுக்கிறாரா என்று எல்லோரும் பார்க்கட்டும், பூட்டினது யார் என்பதற்கும் ஆள் வேண்டும், உங்கள் தம்பிக்கு சம்மன் அனுப்பச் சொல்லி இன்றைக்கே மனு எழுதுகிறேன் என்றார்.

வாசலில் அழைப்பு மணி அடித்தது. தம்பி பழக்க தோஷத்தில் கதவைப் பார்த்து ஒரு அடி வைத்தான்.

"உக்காருடா" என்றேன். "திங்கட்கிழமை இந்தப் பெட்டிய நீதான் தூக்கிட்டு வர்ற. கோர்ட்டு மூணாவது மாடியில, லிஃப்ட் கெடையாது. யார் ‘ஒய்’ அமுக்கினது, ப்ராசசர யார் குடுத்ததுன்னு ஜட்ஜ் கேப்பாங்க. அப்புறம் பக்கத்து ரூம்ல என்ன கேட்டுச்சுன்னும் கேப்பாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து ஃபேன் சத்தம்னு சொல்லு."

மணி மறுபடியும் அடித்தது, பிறகு கதவை விரலால் தட்டும் சத்தம் வந்தது, மெதுவாக, அவசரமே இல்லாமல். தம்பி உட்கார்ந்தான். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.