பூமி பதில் சொல்லாத படம்

ஒலிபெருக்கியின் ஒயர் முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள் மகள். கூடத்தின் நடுவே அப்பா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். நேற்றுக் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்கு முன்னால் அவருடைய கடைசிப் படத்தின் கடைசி ஏழு நிமிடத்தை எல்லோரும் ஒருமுறை கேட்டுவிட்டு அவரை அனுப்ப வேண்டுமென்று ரசிகர்கள் விரும்பினார்கள். ரசிகர்கள் என்றால் மொத்தம் பதினொரு பேர். பதினொரு பேரும் வந்திருந்தார்கள்.

அப்பா வேலை நாட்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விண்வெளிப் படம் எடுப்பவர். மேலே போவது, பாதியில் மாட்டிக்கொள்வது, உள்ளே இருப்பவன் மூச்சுக்குத் தவிப்பது எல்லாம் தொழிலில் பார்த்ததுதானே. ஆறு படம் எடுத்தார், ஆறிலும் அதே கதை. வீட்டுக் கொல்லையில் இருந்த கார் ஷெட்தான் விண்கலம். சுவரெல்லாம் முட்டை அட்டை, பொத்தானெல்லாம் சோடா மூடி. அடுத்த தெருத் தையற்காரர் மழைக்கோட்டை வெட்டி விண்வெளி உடுப்பு தைத்தார். தன் உடம்புக்கே அளவெடுத்துத் தைத்துவிட்டதால் அது வேறு யாருக்கும் சேரவில்லை. அப்படித்தான் அந்த மனிதர் ஆறு படத்துக்கும் கதாநாயகன் ஆனார்.

அம்மா டார்ச் பிடிப்பாள். அதுதான் சூரியன். மகள் பன்னிரண்டு வயதிலிருந்து பூமி. "பூமி பேசுகிறது. கேட்கிறது, சொல்லுங்கள்" என்ற ஒரே வசனத்தை ஐந்து படங்களில் பேசியிருக்கிறாள். ஆறாவது படத்தில் அவளுக்கு வேலை இல்லை. ஏனென்று கேட்டதற்கு, "இந்தப் படத்துல பூமி பதில் சொல்லாதும்மா" என்றார் அப்பா. முப்பது வயதிலும் அவளுக்கு அது சின்ன வருத்தமாகத்தான் இருந்தது.

படப்பிடிப்பில் அவருடைய முதல் அதட்டல் எப்போதும் ஒன்றுதான்: "ஃபேனை நிறுத்து." மைக்குக்கு முதலில் கேட்பது ஃபேன் சத்தம்தான். எல்லோரும் ஷெட்டுக்குள் வெந்து போவார்கள். "விண்வெளியிலதான் காத்து இல்லன்னு பாத்தா, பூமியிலயும் இல்லாம பண்ணிட்டார் மனுஷன்" என்பாள் அம்மா.

கூடத்து மின்விசிறி இரண்டாம் எண்ணில் கடகடத்துக்கொண்டிருந்தது. ரசிகர்களில் ஒருவர் தையற்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடைசி ஏழு நிமிஷம் சார். திரை பூரா இருட்டு, வெறும் மூச்சு. அது நடிப்பே இல்ல சார்."

வழக்கமாக இந்தப் புகழ்ச்சிக்குத் தையற்காரர் அடக்கமாகச் சிரிப்பார். இன்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மகளிடம் வந்து குந்தினார்.

"பாப்பா, இதைப் போடத்தான் வேணுமா?"

"ஆசையா கேக்கறாங்களே மாமா."

"கேப்பாங்க. உன்னால தாங்க முடியுமான்னு பாத்தேன். அம்மா மூச்சாச்சே."

அவள் கையில் திருப்புளி அப்படியே நின்றது. "என்ன சொல்றீங்க?"

தையற்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "உனக்குத் தெரியும்னாரே. நீதான் சம்மதம் குடுத்தேன்னு என்கிட்ட சொன்னாரே."

"என்ன சம்மதம்?"

"நான் மூணு நாள் மூச்சு வாங்கிக் காட்டினேன்மா, அவருக்குத் திருப்தி வரல. அப்புறம் ஒரு நாள், வேற கிடைச்சிடுச்சுன்னார்."

அவள் செவித்துணைக் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்பவள். அடுத்தவர் காதுக்கு என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அந்தப் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாள். பெற்றவளின் மூச்சை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. இதே கூடத்தில், இதே மின்விசிறியின் கீழ்தான் கட்டில் போட்டிருந்தது. பதினொரு நாள் மகள் அம்மாவின் பக்கத்தை விட்டு நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அப்பா சொன்னார்: "உன் வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வாம்மா. ஏதாவதுன்னா உடனே போன் பண்றேன்." அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போனைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினாள். அது அடிக்கவில்லை. ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாம்மா. ஒரு வார்த்தை பேசல."

மின்விசிறி நின்றிருந்தது. அம்மாவின் முடி வேர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. "குளிருதுன்னா, நிறுத்தினேன்" என்றார் அப்பா. ஒரு வார்த்தை பேசாதவள் எப்படிக் குளிருகிறது என்றாள் என்று அன்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பாவை யாராவது குறுக்கு விசாரணை செய்வார்களா? கூட இல்லாமல் போனேனே என்று மனம் அறுக்கும்போதெல்லாம், அம்மா என்னைத் தேடவில்லை என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது வருடம் ஓட்டினாள்.

திருப்புளியைப் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனாள்.

அப்பா எதிலும் ஒழுங்கு. எந்தப் பதிவு எந்த டப்பாவில் என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பார். 'மூச்சு - தையல்' என்று ஆறு. 'மூச்சு - வீடு' என்று ஒன்று. கணினியில் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் சுவிட்சைத் தட்டும் சத்தம். பிறகு மின்விசிறியின் கடகடப்பு தேய்ந்து தேய்ந்து நின்றது. அதன் பிறகு மூச்சு மட்டும். இப்போது தெரிந்தது. தெரியாமல் எப்படி இருந்தேன் என்று தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"வேர்க்குதுங்க." அம்மாவின் குரல்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

வெகுநேரம் கழித்து, "பாப்பா எங்க?"

"வந்துக்கிட்டு இருக்கா."

"போன் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன், பண்ணிட்டேன். பேசாம படு."

நாற்காலி நகர்ந்தது. மைக் இன்னும் பக்கத்தில் வந்தது, உரசல் கேட்டது. அம்மா இன்னொரு தரம் "பாப்பா" என்றாள். படத்தில் அந்த இடத்தில் அரை நொடி ஒன்றுமே இருக்காது. அந்த அரை நொடியைப் பற்றி ரசிகர்களில் ஒருவர் இரண்டு பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறார். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

மூச்சு நின்ற பிறகும் பதிவு நான்கு நிமிடம் ஓடியது. அப்பா அழுதார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, பதிவு கெட்டுவிடாமல் அழுதார். பாவி மனுஷா என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். திட்டுவதற்குக்கூட எதிரே ஆள் இல்லை. வெளிநாட்டிலா இருந்தேன், இரண்டு தெரு, ஓடி வந்தால் நான்கு நிமிடம்.

"பாப்பா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க." காலையில்தான் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த அண்ணன் ஷெட் வாசலில் நின்றான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவை நினைத்துத்தான் அழுதிருக்கிறாள் என்று தோளைத் தட்டினான். "வா. நல்லபடியா அனுப்பி வைப்போம்."

கூடத்தில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஜன்னல்களைக்கூடச் சாத்திவிட்டார்கள். கட்டுரை எழுதிய ரசிகர் மெல்ல எழுந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஃபேன் சத்தம் ஜாஸ்தியா இருக்கு. ஏழு நிமிஷம் மட்டும் நிறுத்திக்கலாமா? சார் இருந்தா அதைத்தான் முதல்ல சொல்லுவார்."

சிலர் கண்ணீருக்கு நடுவில் சிரித்தார்கள். அண்ணன் சுவிட்சைத் தேடிப் போனான்.

"அதைத் தொடாதே," என்றாள்.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஒலிபெருக்கியிடம் போய் ஒயரைப் பிடுங்கினாள். "படம் ஓடாது."

"இப்பதானே எல்லாம் மாட்டின?"

"ஓடாதுண்ணா."

தையற்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சாவு வீட்டில் மகளிடம் யார் போய் விளக்கம் கேட்பது? அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் போய் மின்விசிறியை இரண்டிலிருந்து ஐந்துக்குத் திருப்பினாள். அது கூரையையே பெயர்த்துவிடும்போல ஆடிக்கொண்டு சுற்றியது. அப்பா மேல் போர்த்தியிருந்த துணியின் ஒரு முனை எழும்பியது. அண்ணன் குனிந்து அதைக் காலுக்கடியில் செருகினான். மறுபடியும் எழும்பியது.

"பாப்பா, துணி பறக்குது பார். கொஞ்சம் குறைச்சு வை."

முன்பு கட்டில் கிடந்த இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

"வேர்க்குதுண்ணா," என்றாள்.