சட்டைக்கைப் போர்வை

போர்வையின் ஒரு முனை மமதாவின் கையில் இருந்தது, மறுமுனை நாத்தனார் மகாவின் கையில். பீரோவிலிருந்து பாதி வெளியே வந்துவிட்ட அதை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே, வாடகைக்கு வந்த கண்ணாடிப் பெட்டிக்குள், அதைத் தைத்த சின்னத்தாயி மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள்.

"விடுங்க அண்ணி. கிழிஞ்சிடப் போவுது."

"கிழியட்டும். இத்தப் போயி எங்கம்மா மேல போடுவியா? தெருவுல கீற பழைய சட்டையெல்லாம் ஒட்டுப்போட்டது. மாமா கோடி எடுத்துகினு வந்துகினு இருக்காரு, தெரியுமில்ல?"

"அத்தை சொன்னதத்தான் செய்யறேன்."

"அது மாத்தர மயக்கத்துல இன்னாவோ சொல்லியிருக்கும்."

"மாத்தர மயக்கத்துல இவ்ளோ நேரா தையல் போட முடியாது அண்ணி. நீங்களே பாருங்க."

மகா தன்னையறியாமல் தையலைப் பார்த்தாள். பிடி தளர்ந்தது. மமதா ஒரே இழுப்பில் போர்வையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். இனி அவளை அங்கிருந்து கிளப்புவது யாராலும் ஆகாத காரியம்.

மாமியார் சொன்னதில் பாதியைத்தான் அவள் வெளியே விட்டிருந்தாள். மீதியையும் சொன்னால் வீடு ரெண்டுபடும். சின்னத்தாயி தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள்: போர்வையை மேலே போர்த்த வேண்டும். அதோடு, எரிக்கிற இடத்தில் அதை விட்டுவிட்டு வரக்கூடாது. திருப்பி வீட்டுக்கு எடுத்துவர வேண்டும்.

பிணத்தின் மேல் கிடந்த துணியை வீட்டுக்குள் கொண்டுவருவதா? அவர்கள் குடியிருந்த நீலசந்திராவில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் யாரும் கேள்விப்பட்டிராத சங்கதி.

இருபது வருஷத்துக்கு மேல் சின்னத்தாயி ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் டெய்லர். டெய்லர் என்றால் சட்டை தைத்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். இடது கையை மட்டும் சட்டையோடு சேர்ப்பவள். வலது கைக்கு வேறு ஒருத்தி, காலருக்கு வேறு ஒருத்தி. கையை வைத்து அடுத்த டேபிளுக்குத் தள்ளிவிட்டால் அந்தச் சட்டை எங்கே போயிற்று, யார் போட்டுக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் வாசல் கேட்டில் நிற்கவைத்து உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். ஒரு துண்டுத் துணி வெளியே போகக்கூடாது.

மமதா அதே ஃபேக்டரியில் செக்கர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பேர் எடுத்தவள். கோணல் எங்கே இருக்கிறதோ அங்கே சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். சின்னத்தாயி வைத்த கைகளையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மற்றவர்கள் அவளைக் கரித்துக்கொட்டினார்கள். சின்னத்தாயி மட்டும் ஒரு நாள் டீ இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு பையன் கீறான், லிஃப்ட் மெக்கானிக்கு. கொஞ்சம் கோணல்தான். நீ பாத்துக்குவியா?" என்று கேட்டாள். அப்படித்தான் தினேஷுக்கும் மமதாவுக்கும் கல்யாணம் ஆயிற்று.

போன மார்கழியில் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் பண்ணுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். சின்னத்தாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், மமதா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த தையல் மிஷின் மேல் குவிந்துகிடந்த துணிமூட்டையை எடுத்துக் கட்டிலில் வீசினாள், மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். அன்றைக்குத் தொடங்கிய வேலைதான்.

முதலில் முடித்தது ஒரு தலையணை உறை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இனிமே எந்த டேபிளுக்குப் போவணும்?" என்று கேட்டாள்.

"எங்கயும் போவ வேணாம் அத்தை. முடிஞ்சிடுச்சி."

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஜன்னலுக்குத் திரை வந்தது. கேஸ் சிலிண்டருக்கு ஓர் உறை வந்தது. "சிலிண்டருக்கு எதுக்கும்மா பாவாடை?" என்று தினேஷ் சிரித்தான். மறுவாரமே அவனுடைய ஸ்பேனர்களுக்கு அறை அறையாகப் பிரித்து ஒரு சுருட்டுப் பை வந்தது, அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். பக்கத்து வீட்டு ஜூலியாவின் பேத்திக்கு ஞானஸ்நானத்துக்கு ஒரு குட்டிப் போர்வை. ஆடி மாதத்தில் தனக்கு ஒரு நைட்டி, ரெண்டு பக்கமும் பையோடு. "நைட்டி தைக்கிறவனுங்க எல்லாம் ஆம்பளைங்க. பொம்பளைக்கு வைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நெனப்பு." தீபாவளிக்கு தினேஷுக்கு முழுச் சட்டை. இடது கை கண்ணை மூடிக்கொண்டு வந்துவிட்டது, வலது கை முன்பின்னாக மாறிப்போயிற்று. முடித்த ஒவ்வொன்றையும் மருமகள்தான் செக் பண்ண வேண்டும், ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். மாமியார் என்று பார்த்து மமதா சும்மா விட்டால் சண்டைக்கு வருவாள். முடிந்ததை ஒரு நாள் முழுக்க வாசல் கொடியில் தெரு பார்க்கத் தொங்கவிடுவாள். மகா ஊரிலிருந்து போன் செய்து ஓய்வெடுக்கச் சொன்னால், "படுத்துகினே கீறதால கட்டி கரைஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

கடைசியாக முடித்ததுதான் இந்தப் போர்வை. தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய சட்டைகளின் கையைக் கேட்டாள். "உடம்பு நீயே வச்சுக்கோ, கைய மட்டும் குடு." தெருவில் பாதி ஆண்கள் திடீரென்று அரைக்கைக்கு மாறினார்கள். கைகளைப் பிரித்து விரித்தால் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் இடைவெளியே இல்லாமல் சேர்ந்துகொள்ளும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார முடியாமல் போன பிறகு படுத்துக்கொண்டே கையால் தைத்தாள். மமதா ஓர் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். சின்னத்தாயி அதையும் பிரித்துத் தைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

அதை முடித்த அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அங்க உட்டுட்டு வந்துடாதடி. இத்தினி வருஷம் கேட்டுல எல்லாத்தையும் உட்டுட்டுதான் வந்தேன். இது வூட்டுக்கு வரணும்."

தினேஷும் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆதிகேசவன் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பெண்ணைத் தூக்கக்கூடாது என்பதால் தெருவே திருப்பத்தூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. சின்னத்தாயியின் ஒரே அண்ணன் அவர். அவள் படுத்திருந்த இந்த ஒரு வருஷத்தில் ஒரு முறைகூட எட்டிப்பார்க்காதவர், இப்போது தட்டில் அரக்குப் பட்டு, மஞ்சள், குங்குமம், மாலை என்று ஒரு குறையும் வைக்காமல் வந்து இறங்கினார். வந்ததும் அவர் கண்ணில் பட்டது மமதாவின் மடியில் இருந்த போர்வை.

"இன்னாது இது?"

"அத்தை தச்சது மாமா. மேல போர்த்தச் சொல்லிட்டுப் போனாங்க."

"பழந்துணியா? கண்டவன் போட்டுக் கழிச்ச சட்டைய என் தங்கச்சி மேல போடுவியா? இது விழுந்தா என் கோடி விழாது. இப்பவே பஸ் ஏறிடுவேன்."

கூட்டத்திலிருந்து ஜூலியா எழுந்து வந்தாள். அதிகம் பேசாதவள். போர்வையை விரித்து, ஓரத்தில் நீலக்கோடு போட்ட ஒரு கையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது என் வூட்டுக்காரரு லாயிட்டோட கையி. அவரு போயி நாலு வருஷம் ஆச்சி. கண்டவன் இல்லீங்க. இவங்க ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ராத்திரில ஆட்டோ ஓட்டிகினு போனது யாரு மகன்? என் மகன். அவன் கையும் இதுலதான் கீது. உங்க கையி இல்ல. அதுக்கு நாங்க இன்னா பண்றது?"

ஆதிகேசவன் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தினேஷ் தலையைக் குனிந்துகொண்டே, "ரெண்டும் போடட்டும் மாமா. மொதல்ல உங்க கோடி" என்றான்.

பட்டு விழுந்தது. அதன்மேல் போர்வை விழுந்தது. பட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் மமதா மீதியையும் சொன்னாள்.

"இது திரும்பி வூட்டுக்கு வரும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"இன்னாடி சொல்ற?" என்று மகா கத்தினாள். "பொணத்து மேல போட்டத யாருனா வூட்டுக்குக் கொண்டாருவாங்களா? குடும்பத்தையே அழிச்சிடுவியா?"

ஆதிகேசவன் மருமகனைப் பார்த்தார். "பொண்டாட்டிய அடக்குடா."

தினேஷ் மாலையைச் சரிசெய்யக் குனிந்தான். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மமதாவுக்கு மாமன்மேல் வந்த கோபத்தைவிட அவன்மேல்தான் அதிகம் வந்தது.

பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். தமட்டைக்காரர்கள் அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள், சவ வண்டி அவர்கள் பின்னால் நகர்ந்தது, பெண்கள் முச்சந்தியில் நின்று மாரடித்து அழுதார்கள். மமதாவும் அழுதாள். அழுதுகொண்டே புடவையைத் தூக்கிச் செருகி, நகர்ந்த வண்டியின் பின்படியில் காலை வைத்து ஏறிவிட்டாள். இறங்கு இறங்கு என்று நாலு பேர் கத்தினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மின்மயானத்தின் வாசலுக்குப் பக்கத்தில் மாலைகள் ஒரு குவியல், துணிகள் ஒரு குவியல். இறந்தவர்கள்மேல் கிடந்ததெல்லாம் அங்கே வேலை செய்கிற நாணுவுக்குச் சேரும். அவர் சின்னத்தாயியின் மேலிருந்து முதலில் போர்வையை எடுத்தார், பிறகு பட்டை. இரண்டையும் குவியலில் போட்டார். தினேஷ் மொட்டைத் தலையோடு சட்டி உடைத்தான். இரும்புக் கதவு திறந்து மூடிற்று. அவ்வளவுதான், மமதாவைத் தன் பிள்ளைக்குப் பெண் கேட்டவள் போய்விட்டாள். மமதா வாய்விட்டு ஒரு முறை அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நேரே துணிக் குவியலிடம் போனாள்.

"அண்ணா, அந்தப் போர்வய குடுத்துடுங்க."

நாணு அவளை மேலும் கீழும் பார்த்தார். "துணி எனக்கு வர்றதும்மா."

"தெரியும். அந்தப் பட்ட வச்சுக்குங்க. இது மட்டும் வேணும்."

"எதுக்கு? வூட்டுக்கா?"

"ஆமா. அவங்களே தச்சது."

நாணு போர்வையை எடுத்து உதறிப் பார்த்தார். நல்ல கனம், குளிருக்கு ஆகும். அவருக்கு அதை விட மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மடித்து அவளிடம் நீட்டினார்.

"இத்தினி வருஷத்துல யாருமே திருப்பிக் கேட்டதில்லம்மா. கேக்கக்கூடாதுன்னு எவனும் எங்கிட்ட சொன்னதும் இல்ல."

ஆதிகேசவன் ஓட்டமும் நடையுமாக வந்தார். "அத்த எடுத்துகினு அந்த வூட்டுக்குள்ள போனியானா, நான் செத்தாலும் அந்தப் படி ஏற மாட்டேன்."

"ஏறாதீங்க மாமா," என்றாள் மமதா. "அத்தை உயிரோட இருந்தப்பயே ஏறல."

அவர் கையை ஓங்கப் போனார். கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தினேஷ் குழாயடியில் தலைமுழுகிவிட்டு வந்தான். மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. ஈர வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பகலிலும் விடாத மார்கழிக் குளிரில் பல் கிட்டித்துக்கொள்ள நடுங்கினான். சாங்கியத்துக்கு வேண்டியதெல்லாம் எடுத்துவந்தவர்களுக்கு அவனுக்கொரு துண்டு எடுத்துவரத் தோன்றியிருக்கவில்லை.

மமதா போர்வையை விரித்தாள். அவன் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

"ஐயையோ!" என்றார் ஆதிகேசவன். பக்கத்தில் நின்றவர்கள் ரெண்டடி பின்வாங்கினார்கள். "தினேஷு, கீழ போடுடா அத்த. தோஷம் தலய சுத்தும்டா. கீழ போடு!"

தினேஷ் மாமாவைப் பார்த்தான், மமதாவைப் பார்த்தான். அவள் இனி ஒரு வார்த்தை பேசுவதாக இல்லை. பேச வேண்டியதையெல்லாம் அவள் பேசியாகிவிட்டது. அவன் தோளை லேசாக ஒரு உதறு உதறினால் போதும், சின்னத்தாயியின் ஒரு வருஷமும் அந்தக் குவியலுக்கே திரும்பிப் போய்விடும்.

அவன் உதறவில்லை. நடந்து போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவனோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பின்னால் நின்ற டெம்போவில் போய் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். வண்டியின் நீளப் பலகையில் அவன் ஒருவன்தான்.

மமதா கீழேயே நின்றாள். போர்வையின் ரெண்டு முனையையும் கழுத்தருகே சேர்த்துப் பிடித்திருந்த தினேஷ், பலகையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஏறு," என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது. காற்று அடித்தது. அவன் முன்னால் பார்த்துக்கொண்டே போர்வையின் ஒரு பக்கத்தை இழுத்து அவள் மடிமேல் விட்டான்.