ஆடிக்கு முன்னால் போன மாரிஸ்

13-7-1983, புதன்.
இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். ஹூட்டின் இடது ஓரத் துணியை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்திருக்கிறேன். தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் முதலிலேயே பார்த்திருப்பார்கள்.

கடைசி வரி தேவையா என்று மரியராஜ் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அப்படியே விட்டுவிட்டு டைரியை மூடினான். பகலில் சீட் கவர் தைக்கும் கடையில் வேலை, சாயங்காலம் மாலைக் கல்லூரியில் பி.காம். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரமெல்லாம் நான்கு மாதமாக இந்த ஹூட்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஷெட்டுக்குள் மாரிஸ் கார் நின்றது. மேல்கூரை இல்லாத பழைய வண்டி. மழை வந்தால் மட்டும் இழுத்து மூட ஒரு துணி ஹூட். கோழி அடையும் இடமாகக் கிடந்த அதை அவன் மச்சான் இன்னாசிமுத்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அரசரடி வட்டாரமே சிரித்தது. பஸ் கம்பெனி மெக்கானிக்கான அவர் சிரித்தவர்களோடு சேர்ந்து தானும் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் ஷெட்டுக்குள் புகுந்துகொண்டார். தகரத்தைத் தட்டி நிமிர்த்தினார், எஞ்சினைக் கழற்றி மாட்டினார், கரும்பச்சையும் பால் நிறமுமாகப் பெயிண்ட் அடித்தார். மெட்ராஸில் பழைய கார்களுக்கு நடக்கும் கண்காட்சியில் ஒருநாள் இதைக் கொண்டுபோய் நிறுத்துவேன் என்பார். அதற்கு முன்னால் மனைவி ஆனிமேரியை உட்காரவைத்து நாகமலை ஓரமாகக் கீழக்குயில்குடி வரை ஒரு நடை போய்வர வேண்டும் என்பார். ஹூட் தைக்கும் வேலை மட்டும் மச்சினன் பொறுப்பு. அது முடிவதற்குள், தவக்காலத்தில், மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஷெட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். பேரையூரில் பந்தலும் சவுண்டு சர்வீஸும் நடத்தும் காசிமாயன், கல்யாண ஊர்வலத்துக்கென்று வண்டியைக் கேட்டு வந்தார். ஆனிமேரி சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாள் சொன்னவன் மரியராஜ்தான்.

ஆனிமேரி தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வண்டி போவதற்கு முன்னால் அதில் ஒருதரம் கீழக்குயில்குடிக்குப் போய்வர வேண்டும்.

"நாளைக்குப் போவமாடா?" என்றாள் அந்தப் புதன்கிழமை, ஷெட் வாசலில் நின்றபடி.

"ஹூட்டப் பிரிச்சுத் தைக்கணும்க்கா. தப்பாப் போச்சு."

"ஹூட்டு எதுக்கு? ஹூட்டு இல்லாமப் போறதுக்குத்தானே இந்த வண்டி."

"மழ கிழ வந்துச்சுன்னா சீட்டு நனைஞ்சுரும். விலை பேசுன வண்டிக்கா."

"இந்த வெயில்லயா மழ?" ஆனிமேரி சிரித்துவிட்டாள். இன்னாசிமுத்து போன பிறகு அவள் சிரிப்பது அபூர்வம். "ஒனக்குக் கல்யாணம் ஆனா, தாலி கட்டிட்டு முடிச்சு சரியா இருக்கான்னு அவுத்து அவுத்துப் பாப்படா. ஃபாதர் எந்திரிச்சுப் போயிருவாரு."

"சனிக்கிழம சாயங்காலம் போவோம்க்கா. எல்லாம் முடிச்சு, முழு வண்டியா. மச்சான் அப்படித்தானே நெனச்சிருந்தாரு."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். ஒரு அரைகுறை வேலையின் மேல் அக்காவை உட்காரவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. ரோட்டில் யாராவது பார்த்து, ஹூட் எங்கே என்று கேட்டால்? மச்சான் செய்த வேலைக்குத் தன்னால் குறை வந்துவிட்டதென்று ஆகிவிடாதா? இப்படித்தான் ஓடியது அவன் கணக்கு.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சூசையம்மாளிடம் ஆனிமேரி சொல்வது சுவர் வழியாக அவன் காதில் விழுந்தது. "சனிக்கிழம சாயங்காலம் நான் வீட்ல இருக்க மாட்டேன்க்கா. கார்ல போறேன்."

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து தைத்தான். தையல் நேராக வந்தது. ஹூட்டை ஏற்றிப் பார்த்தான், மடித்துப் பார்த்தான், மறுபடியும் ஏற்றினான். எங்கும் சுருக்கமில்லை. அக்காவைக் கூப்பிடலாம் என்று திரும்பும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாலையும் கையுமாகக் காசிமாயன் இறங்கினார். பின்னால் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு அவருடைய சித்தப்பா வீரணன்.

"என்னா மாப்ள, வண்டியா செஞ்சிருக்க, தேரால்ல செஞ்சிருக்க!"

"அண்ணே, ஞாயித்துக்கிழமன்னுல்ல..."

"நீ பாட்டுக்குச் சொல்லிட்ட, நானும் தலைய ஆட்டிட்டுப் போயிட்டேன். வீட்டுக்குப் போனா எங்காத்தா புடுபுடுன்னு புடிச்சுக்கிருச்சு. ஞாயித்துக்கிழம ஆடி ஒண்ணுடா, ஆடியில எவனாச்சும் வண்டி எடுப்பானாங்குது. நாளைக்கிச் சனிக்கிழம, அதுவும் ஆகாதாம். அதான் இன்னைக்கே ஓடியாந்துட்டேன்."

மரியராஜ் ஆடியை நினைத்தே பார்க்கவில்லை. அவன் வீட்டில் தொங்குவது பங்குக் கோவில் காலண்டர். தேதியையும் திருநாளையும் தவிர அதில் வேறு எதையும் அவன் பார்த்ததில்லை. ஆடி எப்போது பிறக்கிறது என்று தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"ஒரு மணி நேரம் பொறுங்கண்ணே," என்றான். "அக்காவ ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன். மச்சானோட ஆச. அக்கா இதுல இன்னும் ஏறவே இல்ல."

"அட, இம்புட்டுத்தானா! இதுக்குப் போயி ஏன்யா மொகம் செத்துப் போற?" காசிமாயன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி! வாங்க, வந்து ஏறுங்க. எம்புட்டுத் தூரம் வேணுமோ போயிட்டு வாங்க, நாங்க இருக்கோம்."

சத்தம் கேட்டு வெளியே வந்த ஆனிமேரி, மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தபடி ஷெட் வாசலுக்கு வந்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டிக் கதவின் மேல் ஒரு கையை வைத்தாள்.

வீரணன் காசிமாயனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். மெதுவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

"எலேய் மாயா, பொண்ணு மாப்ள உக்காரப் போற வண்டிடா. மொதமொத ஏறுறது..."

"சும்மா இரு சித்தப்பா."

"நான் ஒண்ணுஞ் சொல்லல. நாளப்பின்ன ஊருக்குள்ள பேசுவாய்ங்க. அந்தப் பிள்ளையத்தான் சொல்லுவாய்ங்க."

காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டார். மரியராஜ் வாயைத் திறந்தான். அக்கா ஏறட்டும், இந்த வண்டியை நாங்கள் விற்கவே இல்லை என்று சொல்லலாம். ஷெட்டுக்கு என்ன செய்வது? வாக்குக் கொடுத்தாயிற்றே? எந்தச் சொல்லை முதலில் சொல்வது? அவன் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஆனிமேரி கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம்ண்ணே. அடுப்புல ஒல கெடக்கு. நீங்க நல்லபடியாக் கொண்டு போங்க."

"தங்கச்சி, அவரு பழைய ஆளு, அவரு பேச்ச..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. மாவு கையோட ஏறுனா சீட்டு பாழாப் போகும். தம்பி திட்டுவான்."

அவள் சிரித்த மாதிரிதான் இருந்தது.

வீரணன் மாலையை வண்டியின் முகப்பில் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மரியராஜ் ஹூட்டை மடித்து வார் போட்டுக் கொடுத்தான். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பழங்கள் நசுங்க, திறந்த வண்டி தெருவுக்கு ஏறியது. சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். முனை திரும்பும்போது காசிமாயன் ஹாரன் அடித்தார். ஆனிமேரி அதைப் பார்க்கவில்லை. அவள் அடுப்படிக்குப் போயிருந்தாள்.

அன்று மரியராஜ் வகுப்புக்குப் போகவில்லை. ராத்திரி ஆனிமேரி அவனுக்குச் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது சொன்னாள்.

"ஹூட்டு நல்லா வந்திருந்துச்சுடா. ஒரு சுருக்கம் இல்ல."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"புதன்கிழமயே கூட்டிட்டுப் போயிருக்கணும்க்கா."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. தட்டுக்குள் கொஞ்சம் அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். "தின்னு" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், அப்போதுதான் வீடு திரும்பிய சூசையம்மாளின் குரல் கேட்டது. "ஆனிமேரி, நாளைக்குச் சாயங்காலம் நீ போறப்ப சாவியக் குடுத்துட்டுப் போறியா? பால்காரன் வருவான்."

ஆனிமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்லக்கா. நாளைக்கு நான் வீட்லதான் இருக்கேன்."

சாப்பிட்ட பிறகு மரியராஜ் டைரியை எடுத்தான். நடந்ததை எழுதப் பார்த்தான். எங்கே தொடங்கினாலும் புதன்கிழமையிலேயே வந்து நின்றது. இரண்டு வரி எழுதி அடித்தான். அடிக்காமல் விட்டது இவ்வளவுதான்:

15-7-1983, வெள்ளி.
வண்டி போய்விட்டது. அக்கா ஏறவில்லை.
நாளை காலை ஷெட்டைக் கூட்டி, தரையைக் கழுவி, வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும்.