முந்திப் போனவர் யார்?

ஆம்புலன்ஸ் சாவியை உருவிக்கொண்டு ஹுமா ஓடினாள்.

"யக்கா! சாவியக் குடுங்க. எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க" என்று டிரைவர் முத்திருளன் பின்னாலேயே வந்தான்.

"மூச்சு ஓடிக்கிட்டிருக்கிற மனுசன் அண்ணே. அவர வண்டியில ஏத்தாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒன்பது வயது ஃபாயிஸா, முதுகில் பையோடு, அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளைக்கு வேண்டிய துணி இருந்தது பையில். இன்று வெள்ளிக்கிழமை. அத்தாவின் முறை.

அவளைப் பெற்ற அத்தா சிராஜ் மூன்றாவது மாடியில், ஐசியுவில் கிடந்தான். கப்பலூர் பாலத்துக்கடியில் லாரி தட்டி மூன்று நாள் ஆகிறது. மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குழாயை எடுத்தால் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஹுமா அவனுக்கு இப்போது மனைவி இல்லை. மூன்று வருடம் முன்பு ஜமாத்தில் குலா என்னும் மணவிலக்குக் கேட்டு விலகியவள். மகள் விஷயத்தில் மட்டும் இருவரும் பேச்சு மாறியதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் விளாங்குடி வீட்டு வாசலில் இரண்டு ஹாரன் அடிப்பான். உள்ளே வரமாட்டான். ஞாயிறு காலையில் அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

லிஃப்ட் திறந்தது. சிராஜின் அண்ணன் அசாருதீன் கையில் படிவத்தோடு வந்தான். 'டாக்டர் பேச்சை மீறி எங்கள் பொறுப்பில் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.' கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"சாவியக் குடு ஹுமா. வீட்டுல எங்க அத்தா கண்ண மூடுறதுக்குள்ள மவன ஒரு தடவ பாக்கணுங்கறாங்க."

"ரெண்டு மணி வரைக்கும் பொறுங்க மச்சான். கால்ல வேணாலும் விழுறேன்."

"நீ யாரு இதுல பேச? கருகமணியக் கழட்டி எங்கம்மா கையில குடுத்துட்டுப் போனவதானே?"

உண்மைதான். அன்றைக்கு மாமியார் அஜ்மல் பீவி அந்தக் கருகமணியைக் கையில் வாங்கவே இல்லை. "புருசன் உசுரோட இருக்கையில கழட்டுற பொம்பளைய இன்னைக்குத்தான்டி பாக்குறேன். எங்கழுத்துல கிடக்கிறது அவங்க கண்ண மூடி மவுத்தானாத்தான் எறங்கும்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். தொண்டையில் ஆபரேஷன் செய்தபோதுகூடக் கழற்ற மாட்டேன் என்று டாக்டரோடு சண்டை போட்டவர் அவர்.

"நீ காப்பாத்தப் பாக்குறது எந்தம்பியையா, விளாங்குடி வீட்டையா?" என்றான் அசாருதீன்.

கூட்டம் ஹுமாவைப் பார்த்தது.

விளாங்குடி வீடு மாமனார் சேக் இஸ்மாயில் பேரில் இருந்தது. "எம்மவ இருக்கிற வீடு அது. அத்தாகிட்டப் பேசி எழுதி வாங்கிடுறேன்" என்று சிராஜ் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று முன்தினம் வக்கீலம்மா விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். "பெரியவர் முந்திப் போனா சிராஜுக்குப் பங்கு உண்டும்மா, அவர் வழியா உம்மகளுக்கும் வரும். சிராஜ் முந்திட்டா, இன்னொரு மகன் இருக்கறதால பேத்திக்கு ஒண்ணும் கிடையாது. ஒரே வழி, பெரியவர் உயில் எழுதணும். மூணுல ஒரு பாகம் வரைக்கும் எழுதலாம்."

பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் போய், பேத்திக்கு எழுதுங்கள், நன்மையான காரியம் என்று சொல்லிப் பார்த்தார். கேன்சரில் படுத்திருந்த சேக் இஸ்மாயில் மறுத்துவிட்டார். "மவன் உசுருக்குப் போராடையில பேத்திக்கு எழுதுனா, அவன் மவுத்த நானே கேட்டு வாங்குன மாதிரி ஆயிராதா?" நேற்று சாயங்காலம் ஹுமா போனில் அழுதபிறகுதான் இறங்கி வந்தார். "அழுவாதம்மா. நாளைக்கு ஜும்மா. நல்ல நாளு. தொழுக முடிஞ்சு ரெண்டு மணிக்கு ஹஜ்ரத்தையும் ரெண்டு சாட்சியையும் வரச் சொல்லிருக்கேன்."

இப்போது மணி பதினொன்று. மகன் மையத்தாக, பிணமாக வீட்டுக்கு வந்து இறங்கினால் கிழவர் பேனா பிடிப்பாரா?

"ரெண்டையுந்தான் மச்சான்" என்றாள் ஹுமா. "ரெண்டையுந்தான் காப்பாத்தப் பாக்குறேன்."

டாக்டர் தாமரைச்செல்வி படி இறங்கி வந்தார். "இங்க சத்தம் வேணாம். பேஷண்டோட அம்மா இருக்காங்கல்ல? அவங்க வாயால சொல்லட்டும். அப்புறம்தான் குழாய எடுப்பேன்."

அசாருதீன் முகம் ஒரு கணம் மாறியது. "அம்மா அத்தாவப் பாத்துக்கிட்டிருக்காங்க டாக்டர். தொந்தரவு பண்ண..."

அதற்குள் ஃபாயிஸா அம்மாவின் போனில் வீடியோ கால் போட்டுவிட்டாள். தினமும் தாத்தாவோடு, அவளுடைய நன்னாவோடு, பேசுகிறவள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நன்னி, நன்னாவக் காட்டு."

நெல்பேட்டை வீட்டு அறை ஆடி ஆடித் தெரிந்தது. ஜன்னலெல்லாம் சாத்தி, ஏசி இரைந்துகொண்டிருந்தது. கட்டிலில் சேக் இஸ்மாயில் கழுத்து வரை போர்த்திப் படுத்திருந்தார். காதை மூடி, தாடையைச் சுற்றி ஒரு மஃப்ளர் கட்டியிருந்தது.

"தூங்குறாங்கடா கண்ணு. சத்தம் போடாத."

டக். ஃபாயிஸா வழக்கம்போலத் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அத்தா வந்ததும் காட்டுவதற்கு.

டாக்டர் போனை வாங்கினார். "அம்மா, மகன வீட்டுக்குக் கொண்டுபோனா மூச்சு நின்னுரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

திரையில் கட்டில் விலகி வெறும் சுவர் தெரிந்தது.

"மாமி!" ஹுமா கத்தினாள். "ரெண்டு மணி வரைக்கும்தான் மாமி! மாமா எழுதுறேன்னு வாக்குக் குடுத்திருக்காங்க. உங்க பேத்திக்கு மாமி!"

"கொண்டாந்துருங்கம்மா" என்றது குரல். லைன் அறுந்தது.

ஹுமா சாவியை முத்திருளன் கையில் வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

தாயும் மகளும் ஆட்டோவில் பின்தொடர்ந்தார்கள். நெரிசலில் ஆம்புலன்ஸ் கண்ணில் இருந்து மறைந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு முத்திருளனிடமிருந்து போன் வந்தது.

"யக்கா... சிம்மக்கல் சிக்னல்லயே முடிஞ்சிருச்சுக்கா. என்னைய மன்னிச்சிருங்க."

ஃபாயிஸா கேட்டாள், "அத்தா முழிச்சிட்டாங்களாம்மா?"

இரண்டு மணிக்கு ஹஜ்ரத் சொன்ன சொல் தவறாமல் இரண்டு சாட்சிகளோடு நெல்பேட்டை வீட்டுக்கு வந்தார். அசாருதீன் மாடிப்படியிலேயே மறித்தான். "அத்தா மயக்கத்துல இருக்காங்க ஹஜ்ரத். தம்பி மையத்தும் வீட்டுல கிடக்கு." மூன்று மணிக்குப் பள்ளிவாசல் மைக்கில் இரண்டாவது அறிவிப்பு வந்தது. தெருவே தலையில் அடித்துக்கொண்டது. மவன் போன சேதியக் கேட்ட மாத்திரத்துல பெரியவர் மூச்சும் அடங்கிருச்சாமே! கொடுத்துவச்ச அத்தா, கொடுத்துவச்ச மவன்.

இரண்டு மணி நேரம். சிராஜ் முந்திவிட்டான்.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு முன்பே அடக்கம் என்று முடிவானது. ஆண்கள் இரண்டு சந்தூக்கையும் தோளில் ஏற்றியபோது அசாருதீன் ஹுமாவின் பக்கம் வந்து நின்றான். அவன் கண்கள் உண்மையாகவே சிவந்திருந்தன.

"ஃபாயிஸாவ நான் கைவிட மாட்டேன். பீஸு, துணிமணி எல்லாம் எம் பொறுப்பு. ஆனா வீடுன்னு வந்தா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? நாப்பதாம் நாளு கழியட்டும். மெதுவா வேற எடம் பாத்துக்க."

சந்தூக்குகள் தெருமுனை திரும்பின. வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். உள்ளறையில் அஜ்மல் பீவி வெள்ளைச் சேலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புருஷனை இழந்தவளுக்கு இனி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா. அழுகைச் சத்தமே இல்லை. வந்தவர்கள், அழுது ஓய்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூலையில் ஃபாயிஸா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பை இன்னும் முதுகிலேயே இருந்தது.

"அம்மா, அத்தாகிட்ட இந்தப் போட்டோவக் காட்டவே இல்ல."

ஹுமா போனை வாங்கினாள். காலையில் எடுத்த படம். மேலே நேரம் பதினொன்று பதினெட்டு. மாமா, போர்வை, மஃப்ளர். மஃப்ளரின் முடிச்சு உச்சந்தலையில் இருந்தது. சற்றுமுன் கபன் துணிக்கு நடுவே அந்த முகத்தைப் பார்த்தபோது, வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையை இழுத்துக் கட்டிய துணிக்கும் அதே இடத்தில்தான் முடிச்சு.

படத்தைப் பெரிதாக்கினாள்.

கட்டிலுக்குப் பின்னால் பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியில், போனைப் பிடித்தபடி அஜ்மல் பீவி. கை தூக்கியதில் முக்காடு தோளில் நழுவியிருந்தது.

கழுத்தில் ஒன்றுமே இல்லை.

ஹுமா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மாமியார் எதிரில் உட்கார்ந்து போனை அவர் மடியில் வைத்தாள்.

"பதினொண்ணு பதினெட்டு மாமி."

அஜ்மல் பீவி குனிந்து பார்த்தார். கை தானாகக் கழுத்துக்குப் போய் எதையோ தேடியது.

"கழட்டாத, கொஞ்ச நேரம் கிடக்கட்டும்னுதான் அசாரு சொன்னான். அம்புட்டும் அவன் சொன்னபடிதான் செஞ்சேன். இது மட்டும் முடியல. ஒத்த நிமிசம் போட்டிருக்க முடியலம்மா."

"குழாய எடுக்கச் சொன்னீங்களே மாமி. உங்க மவனுக்கு."

"போற மவன் போயிருவான். இருக்கிற மவன் வீட்டுலதானே நான் கிடக்கணும்."

"மாமா எப்பப் போனாங்க?"

வெளியே மஃரிபு பாங்கு ஆரம்பித்தது. அஜ்மல் பீவி முக்காட்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். பாங்கு முடியும்வரை காது கொடுத்திருந்தார். பிறகு, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"இன்னைக்கு விடியக்காலையில ஃபஜ்ரு பாங்கு. அத முழுசாக் கேக்க அவங்க இல்ல."